குளிர்ல கோதுமை ஏன் வளராம இனிக்குது? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கோதுமையையும் குளிரையும் பத்தித்தான், அதனால மத்த கேள்விகளை அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன். ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன கேள்விகள்ங்கறதால வரிசையா படிச்சா நல்லா புரியும்.

கேள்வி: தாவரவியல் மூணாம் வருஷம் படிக்கிறேன் சார். புராஜெக்ட்டுக்காக கோதுமை நாத்தை ஒரே மண்ணு, ஒரே வெளிச்சத்துல வெச்சு பாதியை 20 டிகிரிலயும் மீதியை 5 டிகிரிலயும் வளர்த்தேன். மூணு வாரம் கழிச்சு பார்த்தா குளிர்ல இருந்தது குட்டையா அப்படியே நிக்குது, ஆனா ஆந்த்ரோன் டெஸ்ட் பண்ணா அதுலதான் பச்சை கலர் கடுமையா வருது, அதாவது சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி. வளராத செடியில சர்க்கரை எப்படி சார் ஏறும்? டெஸ்ட்ல தப்பு இருக்கும், திரும்ப பண்ணுன்னு சொல்றாங்க.

பதில்: திரும்ப பண்ணும்மா, தப்பே இல்ல, ஆனா அதே ரிசல்ட்தான் திரும்பவும் வரும். நீ பார்த்தது நிஜம்.

குழப்பம் எங்க வருதுன்னா, ஒளிச்சேர்க்கையும் வளர்ச்சியும் ஒண்ணுன்னு நம்ம மனசுல பதிஞ்சு கிடக்கு. ரெண்டும் வேற வேற வேலை, நடக்கற இடமும் வேற. ஒளிச்சேர்க்கை விரிஞ்ச இலையில நடக்குது. வளர்ச்சி நடக்கறது குருத்தோட அடியில, இலை புதுசா நீண்டு வர்ற அந்த ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர்ல, அப்புறம் வேர் நுனியில. அங்க செல் பிரியணும், பிரிஞ்ச செல் தண்ணி குடிச்சு நீளணும், புது செல்சுவர் கட்டணும், புரதம் செய்யணும், இத்தனை வேலைக்கும் குளிர் ஆகவே ஆகாது, 20 டிகிரில இருந்து 5 டிகிரிக்கு இறக்குன உடனே இலை நீளுற வேகம் படுத்துடும், 0 டிகிரி பக்கம் போனா கிட்டத்தட்ட நின்னே போயிடும். ஒளிச்சேர்க்கையும் குளிர்ல குறையத்தான் செய்யும், ஆனா அந்த அளவுக்கு குறையாது. 5 டிகிரில நல்ல வெயில் அடிச்சா கோதுமை இலை சர்க்கரை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

சம்பளம் கொஞ்சம் குறைஞ்சு வீட்டு செலவு அதைவிட பல மடங்கு குறைஞ்சா கையில காசு மிஞ்சுமா மிஞ்சாதா? அதேதான் இங்கயும். இலை செய்யற சர்க்கரையை வாங்கி செலவழிக்க வேண்டிய குருத்தும் வேரும் கையை கட்டிக்கிட்டு நிக்குது, அதனால சர்க்கரை சேருது. இதோட ராத்திரி சுவாசத்துல எரியற சர்க்கரையும் குறையுது, பொதுவா வெப்பம் 10 டிகிரி இறங்குனா சுவாசம் பாதி ஆகும்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, அது தோராயமான கணக்குதான் ஆனா திசை சரி.

இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. குளிர்ல கோதுமை வளராதது பட்டினியால இல்ல. ரொம்ப பேர் "குளிர்ல ஒளிச்சேர்க்கை நடக்கல, சாப்பாடு இல்ல, அதான் வளரல"ன்னு எழுதறாங்க, பாடப் புத்தக நோட்ஸ்லகூட பார்த்திருக்கேன். உன் டெஸ்ட் டியூப்ல வந்த பச்சை கலரே அதுக்கு பதில். சாப்பாடு உள்ள நிறைய இருக்கு, அதை எடுத்து உடம்பா மாத்தற வேலைதான் நின்னுபோச்சு.

முதல் ரெண்டு மூணு நாள் கதை மட்டும் கொஞ்சம் வேற மாதிரி போகும். சூட்டுல வளர்ந்த செடியை திடீர்னு குளிர்ல தூக்கி வெச்சா ஒளிச்சேர்க்கையும் நல்லா அடி வாங்கும். காரணம் என்னன்னா, சுக்ரோஸ், அதாவது நாம டீயில போடற அதே சர்க்கரை, செய்யற வேலை சட்டுன்னு மந்தமாகுது, சர்க்கரையாகற பாதையில இருக்கற பொருளெல்லாம் பாஸ்பேட்டை பிடிச்சு வெச்சுக்குது, அந்த பாஸ்பேட் திரும்பி வராம ஒளிச்சேர்க்கை முட்டிக்கிட்டு நிக்குது, வெளிச்சம் மட்டும் மேல விழுந்துக்கிட்டே இருக்கறதால இலைக்கு சேதம்கூட ஆகலாம். ஆனா குளிர் தாங்கற ரகமா இருந்தா சில நாள்லயே சுக்ரோஸ் செய்யற என்சைம்களை கூட்டிக்கும், குளிர்லயே புதுசா விரியற இலை இன்னும் தடிமனா, இன்னும் தயாரா வரும். அதனால ரிப்போர்ட் எழுதும்போது இலை எந்த வெப்பத்துல விரிஞ்சதுன்னு தனியா குறிச்சுக்கோ, பழைய இலையும் புது இலையும் ஒரே மாதிரி நடந்துக்காது.

இன்னொண்ணும் சொல்லணும். நாத்து பருவத்துல வளரும் முனை மண்ணோட மட்டத்துல, இல்லேன்னா மண்ணுக்குள்ளயே இருக்கு. அதனால காத்தோட வெப்பத்தைவிட மண்ணோட வெப்பம்தான் வளர்ச்சியை பிடிச்சு நிறுத்தும். மேல இலைக்கு வெயில் பட்டு சூடாவே இருந்தாலும் அடி குளிர்ந்து கிடந்தா செடி நீளாது, இதை தனியா சோதிச்சே பார்த்திருக்காங்க. உன் தொட்டியில மண்ணுக்குள்ள ஒரு தெர்மாமீட்டர் குத்தி வெச்சியான்னு தெரியல, இல்லேன்னா அடுத்த தடவை வை.

கேள்வி: மேலே சொன்ன மாணவியோட வகுப்புத் தோழன் நான். நாங்க அதே செடியில பெனடிக்ட் டெஸ்ட் பண்ணோம், பெருசா ஒண்ணும் வரல. அயோடின் விட்டோம், நீலமும் வரல. அப்போ ஆந்த்ரோன்ல வந்தது என்ன சர்க்கரை?

பதில்: அருமையான கேள்வி தம்பி, இதுலதான் கோதுமையோட விசேஷமே இருக்கு. அங்க இருக்கறது பெரும்பாலும் சுக்ரோஸும் ஃப்ரக்டானும். நிறைய செடிகள் மிச்ச சர்க்கரையை ஸ்டார்ச்சா மாத்தி வைக்கும், கோதுமை, பார்லி, ரை மாதிரி குளிர் தேசத்து புல் வகைகள் தண்டுலயும் இலையிலயும் ஃப்ரக்டானா வைக்கும். பூக்கும் தாவரங்கள்ல சுமார் 15 சதவீதம் இந்த வழிக்காரங்கன்னு சொல்றாங்க, வெங்காயம் பூண்டுகூட இதுல சேர்த்தி.

ஒரு சுக்ரோஸ் மூலக்கூறை எடுத்து, அதோட இன்னொரு சுக்ரோஸ்ல இருந்து கழட்டுன ஃப்ரக்டோஸை ஒட்டுனா கெஸ்டோஸ்னு மூணு கண்ணி உள்ள ஒண்ணு கிடைக்கும், ஒரு குளுக்கோஸ் தனியா விழும். அதுமேல ஃப்ரக்டோஸா சேர்த்துக்கிட்டே போனா ஃப்ரக்டான். இந்த வேலை செல்லோட நடுவுல இருக்கற வேக்குவோல்ங்கற தண்ணிப் பையில நடக்குது, தண்ணியில கரைஞ்ச நிலையிலேயே அங்க இருக்கும். ஸ்டார்ச் குருணையா கட்டி உட்காரும், கரையாது.

ஏன் ஸ்டார்ச் வேணாம்னு ஃப்ரக்டான்? குளிர்ல ஸ்டார்ச் செய்யற என்சைம்கள் ரொம்ப சோர்ந்து போகும், ஃப்ரக்டான் செய்யற என்சைம்கள் அந்த அளவுக்கு சோராது. அதோட சுக்ரோஸ் ஒரு அளவுக்கு மேல ஏறுனாலே அதுவே ஃப்ரக்டான் என்சைம்களை தட்டி எழுப்பிவிடுது. குளிர் வந்து, வளர்ச்சி நின்னு, சுக்ரோஸ் தேங்கி, அது ஃப்ரக்டானா மாறி தண்ணிப் பைக்குள்ள போகுது. சுக்ரோஸை இப்படி அப்புறப்படுத்துறதால இலையும் முட்டிக்காம தொடர்ந்து வேலை செய்ய முடியுது.

உங்க டெஸ்டுக்கு வர்றேன். பெனடிக்ட் ஒடுக்கும் சர்க்கரைக்கு மட்டும்தான் பதில் சொல்லும், அதாவது குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் மாதிரி. சுக்ரோஸும் ஃப்ரக்டானும் ஒடுக்கும் வகை இல்ல, அதான் பெருசா ஒண்ணும் வரல. அயோடின் ஸ்டார்ச்சுக்கு மட்டும். ஆந்த்ரோன்ல அடர் கந்தக அமிலம் இருக்கறதால அது எல்லா சங்கிலியையும் உடைச்சு மொத்தமா கணக்கு காட்டிடும். மூணு டெஸ்டும் சேர்ந்து உங்ககிட்ட சொல்றது ஒண்ணுதான், இது ஸ்டார்ச்சும் இல்ல, தனி குளுக்கோஸும் இல்ல. ஒரு சின்ன எச்சரிக்கை, 80 சதவீத ஆல்கஹால்ல மட்டும் சாறு எடுத்தா நீளமான ஃப்ரக்டான் முழுசா வெளிய வராது, சக்கையிலயே தங்கிடும். ஆல்கஹால்ல எடுத்த பிறகு அதே சக்கையை சுடுதண்ணியில ஒரு தடவை எடுத்து ரெண்டையும் சேர்த்து கணக்கு போடுங்க. அமிலத்தை கையாளும்போது கண்ணாடியும் கையுறையும் இல்லாம கிட்டயே போகாதீங்க, இதை நான் சும்மா சம்பிரதாயத்துக்கு சொல்லல.

கேள்வி: சர்க்கரை தண்ணி சீக்கிரம் உறையாது, அதனாலதான் கோதுமை பனியில சாகாம இருக்குன்னு எங்க சார் சொன்னாரு. அது மட்டும்தான் காரணமா?

பதில்: அது ஒரு துளி காரணம். நீங்களே கணக்கு போட்டு பாருங்க. ஒரு கிலோ தண்ணியில ஒரு மோல் சுக்ரோஸ், அதாவது 342 கிராம், கரைச்சா உறைநிலை இறங்கறது சுமார் 1.86 டிகிரிதான். அவ்வளவு சர்க்கரைக்கு அவ்வளவுதான் பலன். ஃப்ரக்டான் இன்னும் மோசம், ஒரே எடைக்கு மூலக்கூறு எண்ணிக்கை கம்மிங்கறதால உறைநிலையை அதைவிட கம்மியாத்தான் இறக்கும். ஆனா நல்லா குளிருக்கு பழகுன குளிர்கால கோதுமை (குளிருக்கு முன்னாடி விதைச்சு, குளிர்காலத்தை நாத்தா தாண்டற வகை), உதாரணமா கனடாவோட நார்ஸ்டார் ரகம், மைனஸ் 20 டிகிரி வாக்குல தாங்குது. ரெண்டு டிகிரி எங்க, இருபது எங்க.

நிஜமா நடக்கறது என்னன்னா, ஐஸ் முதல்ல செல்லுக்கு வெளிய, செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல இருக்கற இடத்துல பிடிக்குது. அந்த ஐஸ் செல்லுக்குள்ள இருக்கற தண்ணியை வெளிய இழுக்குது, வெப்பம் இறங்க இறங்க இன்னும் இழுக்கும், செல் சுருங்கிக்கிட்டே போகும். உள்ள ஐஸ் பிடிச்சா செல் செத்துது, ஆனா பெரும்பாலும் செடி சாகறது அதனால இல்ல, தண்ணி போய் காஞ்சு, சுருங்கி, சவ்வுகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கிழியறதாலதான். அதாவது பனியில சாகற கோதுமை ஒரு வகையில வறட்சியிலதான் சாகுது.

சர்க்கரை உதவறது இங்க. உள்ள கரைபொருள் நிறைய இருந்தா வெளி ஐஸ் இழுக்கறப்போ போற தண்ணி கம்மி. சவ்வுக்கு பக்கத்துல சர்க்கரை இருந்தா தண்ணி போன இடத்துல அது நின்னு சவ்வை பிடிச்சுக்கும், ஃப்ரக்டான் சவ்வோட கொழுப்பு தலைகளுக்கு நடுவுல நுழைஞ்சு அதை நிலையா வைக்குதுன்னு செயற்கை சவ்வுகள்ல பண்ண சோதனையில காட்டியிருக்காங்க. அப்புறம் வேணும்னா ஃப்ரக்டானை உடைச்சு சின்ன சர்க்கரையா மாத்திக்கற வசதியும் இருக்கு. இதுக்கு மேல சவ்வுல இருக்கற கொழுப்பு மாறுது, டீஹைட்ரின்னு ஒரு வகை புரதங்கள் குவியுது, செல்லுக்குள்ள தண்ணியே குறையுது, இதெல்லாம் சேர்ந்துதான் அந்த இருபது டிகிரி. சர்க்கரையை மட்டும் ஊத்தி குளிர் தாங்காத ஒரு ரகத்தை பனிக்கு தயார் பண்ணிட முடியாது.

இந்த தயாராகற வேலைக்கு நாள் வேணும். வெப்பம் 10 டிகிரிக்கு கீழ வர ஆரம்பிச்சா பழகல் தொடங்கும், உச்சத்துக்கு போக சில வாரங்கள் ஆகும், நாலு எட்டு வாரம்னு வெச்சுக்கலாம். பழகாத அதே நாத்து மைனஸ் 3, மைனஸ் 5 வாக்குலயே போயிடும். அதுவும் அந்த நாட்கள்ல வெயில் இருக்கணும், இருட்டுல வெச்சு குளிரூட்டுனா சர்க்கரைக்கு வழியில்ல, பழகலும் பாதியில நிக்கும்.

கேள்வி: குளிர் தொடங்குனதும் கோதுமை இலை ஊதா கலர் ஆகி தரையோட படுத்துக்குது. நோயா?

பதில்: பெரும்பாலும் இல்லைங்க. சர்க்கரை தேங்கி வெளிச்சம் அதிகமா இருக்கும்போது ஆந்தோசயனின் நிறம் ஏறும், சில ரகத்துல நல்லாவே தெரியும். படுக்கறதும் குளிர்கால ரகங்களோட குணம்தான், தரையோட இருந்தா காத்து கம்மி, பனி சீக்கிரம் மூடும். ஆனா பாஸ்பரஸ் பத்தாக்குறையிலயும் ஊதா வரும், வெப்பம் ஏறுன பிறகும் பழைய இலை ஊதாவாவே இருந்தா மண்ணை டெஸ்ட் பண்ணி பாருங்க.

கேள்வி: குளிர்கால கோதுமை விதையை தொட்டியில விதைச்சேன். மாசக்கணக்கா புல்லு மாதிரி தூர் கட்டுது, கதிரே வரல. விதையை ஃப்ரிட்ஜ்ல வெச்சா கதிர் வரும்னு ஒருத்தர் சொன்னாரு, வெச்சுப் பார்த்தேன், அப்பவும் வரல. ஏன்?

பதில்: அந்த யோசனை சரி, ஆனா விதையை காஞ்ச நிலையில வெச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன். காஞ்ச விதை குளிரை உணராது. விதையை ஊற வெச்சு, லேசா முளை எட்டிப் பார்க்கற நிலையில, ஈரத் துணியிலயோ பேப்பர்லயோ சுத்தி, காத்து போற மாதிரி டப்பாவுல போட்டு 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ள ஆறு எட்டு வாரம் வைங்க, ஃப்ரீசர்ல இல்ல, கீழ காய்கறி தட்டுல. வாரா வாரம் எடுத்து பூஞ்சை பிடிச்சிருக்கா, ஈரம் காஞ்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் நட்டு, நீண்ட பகல் வெளிச்சம் கிடைக்கற மாதிரி வெச்சா கதிர் வரும்.

இதுக்கு வெர்னலைசேஷன்னு பேரு. ஜெர்மனியில குஸ்தாவ் காஸ்னர் 1918ல குளிர்கால ரை பயிர்ல இதை முறையா காட்டுனாரு. சோவியத்துல லைசென்கோங்கற வேளாண் ஆராய்ச்சியாளர் 1920கள் கடைசியில இதை பெருசா விளம்பரம் பண்ணி, குளிர்ல வெச்சு மாத்துன குணம் அடுத்த தலைமுறைக்கும் போகும்னு சொல்லிட்டாரு. அது தப்பு. ஒவ்வொரு தலைமுறை விதையிலயும் அந்த ஞாபகம் அழிஞ்சு புதுசா தொடங்கும், விதைக்கு மறுபடி குளிர் காட்டித்தான் ஆகணும். அந்த தப்பை எதிர்த்துப் பேசுன நிகோலாய் வவிலோவ், உலகம் பூரா சுத்தி பயிர் விதைகளை சேகரிச்சு வெச்ச மனுஷன், 1940ல கைதாகி 1943ல சிறையில செத்தாரு. ஒரு பயிரோட சாதாரண குணத்தை தப்பா சொன்னதுக்கு ஒரு நாட்டோட மரபியலே எவ்வளவு விலை கொடுத்ததுன்னு நினைச்சா இன்னிக்கும் மனசு கனக்குது.

உள்ள நடக்கறது இப்போ ஓரளவு தெளிவா தெரியும். விஆர்என்-2ங்கற மரபணு கதிர் வராம தடுத்து வைக்குது. நாள்பட்ட குளிர் விஆர்என்-1ங்கற மரபணுவை மெல்ல மெல்ல தூக்கி விடுது, அது எழுந்து விஆர்என்-2வை அடக்குது, வழி திறக்குது. விஆர்என்-1 2003லயும் விஆர்என்-2 2004லயும் கோதுமையில பிரிச்சு எடுக்கப்பட்டுச்சு. வசந்தத்துல விதைக்கற வசந்தகால கோதுமையில விஆர்என்-1 குளிருக்கு காத்திருக்காமலே எழுந்துடும், அதனாலதான் அது குளிர் இல்லாமலே கதிர் விடுது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கால்வாசி இதுதான்.

சர்க்கரை கதையோட இதுக்கு ஒரு தொடர்பு இருக்கு. கதிர் உருவாக்கற பக்கம் செடி திரும்பின பிறகு குளிர் பழகல் முன்னாடி மாதிரி வராது. குளிர் தேவை தீராத வரைக்கும் செடி சேமிக்கற புத்தியிலயே இருக்கு, தீர்ந்ததும் செலவழிக்கற புத்திக்கு போயிடுது. அதனால வசந்தகால ரகங்கள் எவ்வளவு குளிர்ல வெச்சாலும் குளிர்கால ரகங்க அளவுக்கு ஃப்ரக்டான் சேர்க்கறதும் இல்ல, பனியை தாங்கறதும் இல்ல.

கேள்வி: பனி மூடிக்கிட்டு மாசக்கணக்கா வெளிச்சமே படாத ஊர்ல கோதுமை எப்படி உயிரோட இருக்கு? சாப்பாட்டுக்கு என்ன பண்ணும்?

பதில்: சேர்த்து வெச்சதை தின்னுக்கிட்டு இருக்கும். ஜப்பானோட ஹொக்கைடோ மாதிரி இடங்கள்ல நூறு நாளுக்கு மேல பனிப்போர்வை கிடக்கும். பனி நல்லா தடிமனா இருந்தா மேல மைனஸ் 20 அடிச்சாலும் அடியில மண்ணு மட்டத்துல 0 டிகிரி பக்கத்துலேயே இருக்கும், அதனால உறைஞ்சு சாகற பயம் அங்க கம்மி. பயம் வேற ரெண்டு. ஒண்ணு இருட்டு, ஒளிச்சேர்க்கை சுத்தமா இல்ல, சுவாசம் மட்டும் மெதுவா ஓடிக்கிட்டே இருக்கு. இன்னொண்ணு பனிப்பூஞ்சை, அந்த 0 டிகிரி ஈர இருட்டுல வளர்றதுக்குன்னே இருக்கற பூஞ்சைகள், மைக்ரோடோக்கியம், டைஃபுலா வகைகள். செடி சர்க்கரை தீர்ந்து சோர்ந்தாத்தான் அதுங்களுக்கு கொண்டாட்டம்.

இதுல ஆராய்ச்சியாளர்கள் கண்டது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். உறைபனி தாங்கற ரகமும் பனிப்பூஞ்சை தாங்கற ரகமும் ஒண்ணு இல்ல. பூஞ்சையை தாங்கற ரகங்கள் பனி விழறதுக்கு முன்னாடி ஃப்ரக்டானை நிறைய சேர்க்குது, பனிக்கு அடியில அதை ரொம்ப நிதானமா கரைக்குது, வசந்தத்துல பனி உருகும்போதும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கு. கடும் உறைபனி தாங்கற ரகங்கள் சிலது சீக்கிரமே ஃப்ரக்டானை உடைச்சு சின்ன சர்க்கரையா மாத்திக்குது, மைனஸ் டிகிரிக்கு அது நல்லது, நூறு நாள் இருட்டுக்கு அது போதாது. எவ்வளவு சேர்த்துச்சுங்கறதோட எவ்வளவு வேகமா செலவழிக்குதுங்கறதும் சேர்ந்துதான் உயிரை தீர்மானிக்குது.

இந்த சேமிப்பு பெரும்பாலும் இருக்கற இடம் இலை இல்ல. மண்ணுக்கு ரெண்டு மூணு சென்டிமீட்டர் கீழ, தண்டும் வேரும் சேர்ற முடிச்சு இருக்கு பாருங்க, ஆராய்ச்சிக்காரங்க கிரவுன்னு சொல்றது, அங்கதான். இலை பூரா கருகிப் போனாலும் அந்த முடிச்சு உயிரோட இருந்தா செடி திரும்ப துளிர்க்கும், அது போனா இலை பச்சையா இருந்தும் பிரயோஜனம் இல்ல. சந்தேகமா இருந்தா பல இடத்துல இருந்து சில செடிகளை மண்ணோட தோண்டி எடுத்து, கழுவி, இலையையும் வேரையும் ஓட்ட நறுக்கிட்டு அந்த முடிச்சை ஈரப் பையில போட்டு வீட்டுக்குள்ள வெதுவெதுப்பான இடத்துல வைங்க. நாலஞ்சு நாள்ல வெள்ளையா புது வேரும் குருத்தும் எட்டிப் பார்த்தா உயிர் இருக்கு. பிளேடால நெட்டுக்குத்தா பிளந்து பார்த்தாலும் தெரியும், வெள்ளையா கெட்டியா இருந்தா நல்லது, பழுப்பா கொழகொழன்னு இருந்தா போச்சு.

கேள்வி: குளிர்காலத்துக்கு நடுவுல ஒரு வாரம் வெயில் அடிச்சு சூடாகி திரும்ப கடும் குளிர் வந்தா பயிருக்கு என்ன ஆகும்?

பதில்: இது ஆபத்து. பழகறதுக்கு வாரக்கணக்குல ஆகும், பழகுனது கலைய சில நாள் போதும். சூடானதும் சுவாசம் ஏறும், குருத்து நீள ஆரம்பிக்கும், ஃப்ரக்டான் உடைஞ்சு அந்தப் பக்கம் போகும். குளிர்காலத் தொடக்கத்துல இப்படி நடந்து மறுபடி மெதுவா குளிர்ந்தா செடி திரும்ப பழகிக்கும். கதிர் பக்கம் திரும்பின பிறகு, அதாவது குளிர்காலக் கடைசியில, நடந்தா மறுபழகல் அரைகுறைதான், அதனால ஜனவரியில தாங்குன அதே மைனஸ் டிகிரி மார்ச்ல கொல்லும்.

கேள்வி: தண்டுல அவ்வளவு சர்க்கரை வெச்சிருக்கற செடி, பூக்கும்போது லேசா பனி விழுந்தாகூட ஏன் பதர் ஆகுது? சேமிப்பு ஏன் அப்போ காப்பாத்தல? பனி விழுந்த வயல்ல என்னத்த பார்க்கறது?

பதில்: முதல்ல அந்த தண்டு சேமிப்பைப் பத்தி சொல்லிடறேன், ஏன்னா அது குளிர்காலத்து சேமிப்பு இல்ல, ரெண்டாவது சேமிப்பு. தண்டு நீண்டு, கண்ணாடி இலைன்னு சொல்ற கதிருக்கு அடியில இருக்கற கடைசி இலை விரிஞ்சு பூக்கற நேரத்துல இலை செய்யற சர்க்கரை அந்த நேரத்து தேவைக்கு மேல இருக்கும், மணி இன்னும் இழுக்க ஆரம்பிக்கல, அதனால தண்டு கணுவிடையில ஃப்ரக்டானா குவியும். பூத்து ரெண்டு வாரம் வாக்குல உச்சம், சில ரகத்துல தண்டோட உலர் எடையில 40 சதவீதம் வரைக்கும்கூட கரையற சர்க்கரையா இருக்கும். அப்புறம் பால் பிடிக்கும்போது அது உடைஞ்சு மணிக்கு போகும். நல்ல பருவத்துல மணியோட எடையில 10 20 சதவீதம் இதுல இருந்து வருது, வறட்சியோ வெப்பமோ அடிச்சு இலை சீக்கிரம் காஞ்சா பாதி வரைக்கும்கூட போகும்.

பூத்து முடிஞ்சு மணி பிடிக்கற இந்த நேரத்துல மிதமான குளிர், உறையாத குளிர், பயிருக்கு நல்லதுதான். மணி நிரம்பற நாட்கள் நீளும், இலை நாள்பட பச்சையா நிக்கும், சுவாச செலவு கம்மி. குளிர்ந்த பருவத்துல மணி பெருசா வர்றது இதனாலதான்.

ஆனா உறைபனி வேற. அப்போ செத்துப் போறது தண்டு இல்ல, பூவுக்குள்ள இருக்கற மகரந்தமும் சூலும். மகரந்தம் உருவாகற சமயம், கதிர் இன்னும் பொதியில, அதாவது இலை உறைக்குள்ள, இருக்கும்போது, உறையாத குளிர்கூட அதை மலடாக்கிடும். அந்த மெல்லிய பாகங்கள் பழகலை எப்பவோ விட்டாச்சு, தண்டுல இருக்கற சர்க்கரை கூட்டிக்கிட்டுப் போய் அதுக்கு கவசமா மாத்தற நேரமும் இல்ல. அமெரிக்காவோட கான்சாஸ் மாநில பல்கலைக்கழகம் விவசாயிகளுக்கு கொடுக்கற அட்டவணையில ரெண்டு மணி நேரம் நீடிச்சா சேதம்னு போட்டிருக்கற அளவுகளைப் பாருங்க, தூர் கட்டும்போது மைனஸ் 11 டிகிரி, கணு விடும்போது மைனஸ் 4, பொதியில மைனஸ் 2, கதிர் வெளிவந்து பூக்கும்போது மைனஸ் 1. ஒரே செடி, சில மாசத்துல பத்து டிகிரி தாங்கற சக்தியை இழந்து நிக்குது.

வயல்ல பார்க்கறதுக்கு அவசரப்படாதீங்க, பனி விழுந்த மறுநாள் எல்லாமே பச்சையாத்தான் தெரியும். ஒரு வாரம் பத்து நாள் பொறுங்க. காத்து நின்ன தெளிவான ராத்திரியில பள்ளமான இடத்துலதான் குளிர் காத்து வழிஞ்சு தேங்கும், அங்க முதல்ல போங்க, மேட்டுல எடுத்த செடியை வெச்சு முழு வயலுக்கும் முடிவு பண்ணாதீங்க. கணு விடற பருவமா இருந்தா தண்டை நீளவாக்குல பிளந்து குட்டிக் கதிரைப் பாருங்க, வெள்ளையா பச்சையா விறைப்பா இருந்தா நல்லா இருக்கு, பழுப்பா துவண்டு கிடந்தா அந்த தூர் போச்சு, பக்கத்துத் தூர் பின்னாடி வந்தா ஓரளவு ஈடு கட்டும். கதிர் வந்துட்டிருந்தா நடுப்பகுதி பூவை விரிச்சு மகரந்தப் பையைப் பாருங்க, முதல்ல பச்சையா இருந்து பிறகு மஞ்சளாகி பூத்தா சரி, வெள்ளையா சுருங்கி இருந்தா அந்தப் பூ பிடிக்காது. ஒரே கதிர்ல நடுவுல பிடிச்சு நுனியில பிடிக்காம இருக்கும், நேர்மாறாவும் இருக்கும், அதனால ஒரு இடத்துக்கு பத்து கதிராவது பிரிச்சு எண்ணிப் பார்த்துட்டு அப்புறம் அறுத்து தீவனமாக்கறதா விட்டுவைக்கறதான்னு முடிவு பண்ணுங்க. தீவனத்துக்குன்னு முடிவு பண்ணா தள்ளிப்போடாதீங்க, இழுக்க மணி இல்லாததால அந்த சர்க்கரை இன்னும் தண்டுலயேதான் இருக்கும், நாள் ஆக ஆக அது சுவாசத்துல கரைஞ்சு தண்டு வெறும் நாரா போயிடும்.